இடைக்காலச் சின்னக்கா

கூளப்பநத்தத்தில் சோலையின் புஞ்சைக்குள் நிற்கிற சனிமடத்துக்கு எழுநூறு வருஷமாக ஒரு குறையும் வந்ததில்லை. 1997-ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்தான் அதைப் பாதுகாக்க ஆள் வந்தது.

வந்தவர் பெயர் பூவனலிங்கம். பழஞ்சின்னக் காப்புத் துறையின் மாவட்ட அலுவலர், பொறுப்பு. அந்தப் 'பொறுப்பு' என்ற சொல்லை அவருடைய மேசைப் பலகையில் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். முந்தின அலுவலர் ஓய்வு பெற்றுப் போன அன்று போட்ட அடைப்புக்குறி அது. ஏழு வருஷமாகியும் கழன்று விழவில்லை. எப்போதும்வென்றான் பக்கம் ஒரு நடுகல் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போய், அந்த ஊரிலேயே தோற்றுப்போய் அவர் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஜீப் சூடேறி நின்றுவிட்டது.

சோலை ஒரு குடம் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றினார். மிச்சத்தைச் செம்பில் மொண்டு சாரிடம் கொடுத்தார். சுற்றுவட்டாரத்தில் நிழல் என்று இருந்தது சனிமடத்து நிழல் ஒன்றுதான். அதில் ஒதுங்கி நின்று தண்ணீரை அண்ணாந்து குடித்தபோதுதான் பூவனலிங்கத்தின் கண்ணில் நிலைக்கல் பட்டது. அதில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்று செதுக்கியிருந்தது. அதற்குக் கீழே கோழி கிளறின மாதிரி நாலு வரி எழுத்து.

"இது என்ன கட்டடம் பெரியவரே?"

"சனிமடம் சார்."

"சனீஸ்வரன் கோயிலா?"

"இல்ல சார். மடத்துக்காரவுக சனிக்கிழமையானா ஒரு வேலையும் செய்ய மாட்டாவளாம். அதான் சனிமடம். இப்பவும் இந்தப் புஞ்சையில சனிக்கிழமை மாடு பூட்ட மாட்டோம், அடுப்பு மூட்ட மாட்டோம்."

"இந்த நட்சத்திரம்?"

"முருகன் நட்சத்திரம்லா. ஆறு முனை இருக்கு பாத்தீயளா? சரவணபவ."

"எந்தத் திசையப் பாத்துக் கும்பிடுவீங்க?"

"மேக்க சார். மேக்குச் சுவத்துல மாடம் இருக்கு. வெள்ளிக்கிழமை பொழுது அடையுததுக்குள்ள அதுல விளக்கு வச்சிரணும்."

பூவனலிங்கம் செம்பைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் கண்டுபிடித்தவை மொத்தம் இரண்டு. ஒன்று உடைந்த செக்கு. இன்னொன்று, வேறொருத்தர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்த கிணறு.

"பெரியவரே, இது சினகாக்" என்றார்.

"சின்னக்காவா?"

"சினகாக். யூதர்களோட தொழுகைக்கூடம். இடைக்காலத்துக் கட்டடம். கடல்துறையில குதிரையும் முத்தும் வியாபாரம் பண்ணவங்க, மதுரைக்குப் போற பாதையில தங்கிக் கும்பிடக் கட்டியிருக்காங்க. இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாது."

சோலைக்கு விஷயத்தின் பெரிசு தெரியாதே தவிர விஷயம் தெரியும். அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்தது இவ்வளவுதான். மடத்துக்காரர்கள் கடல் தாண்டி வந்தவர்கள். ஏதோ ஒரு காலத்தில் மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போனார்கள். போகும்போது, 'நாங்கள் திரும்பி வருகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கு வையுங்கள், மழைக்கு முன்னால் மட்டப்பாக் கூரையை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு இந்தப் புஞ்சையை வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. வரமாட்டோம் என்று தகவலும் சொல்லவில்லை. அதனால் வருஷா வருஷம் புரட்டாசியில் சுண்ணாம்பைக் குழைத்து, கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து, மட்டப்பாவில் விட்ட விரிசலைப் பூசி வந்தார்கள். அதுவும் போன வருஷம் வரைக்கும் ஒருத்தர் முறையிலும் தப்பியதில்லை.

"நல்லதாப் போச்சு சார்" என்றார் சோலை. "மட்டப்பால ஒரு விரிசல் கண்டிருக்கு. விரல் நுழையும். புரட்டாசி பொறந்ததும் ஒரு கை சுண்ணாம்பு வைக்கணும்னு இருந்தேன்."

"தொடக் கூடாது."

"சார்?"

"இனிமே இது பாதுகாக்கப்பட்ட சின்னம். யாரும் இதுல ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு கூட வைக்கக் கூடாது. நூறு மீட்டருக்குள்ள நெருப்பு கூடாது."

"வெள்ளிக்கிழமை விளக்கு?"

"கரி பிடிக்கும். கூடாது."

"அப்ப மட்டப்பா?"

"அதை நாங்க பாத்துக்கிடுவோம்" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார். ஏறும்போது இன்னொரு தடவை நட்சத்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கள்ளமில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் சோலையின் மனைவி ராமலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். "பாதுகாக்க வந்தவுக பாதுகாக்கக் கூடாதுன்னு சொல்லுதாவ. நீங்களும் தலைய ஆட்டிக்கிட்டு வந்திருக்கீய."

அந்த வெள்ளிக்கிழமை அவள் பஞ்சாயத்து ஆபீசில் அளவு நாடா வாங்கி வரச் சொன்னாள். மடத்துச் சுவரில் ஒரு முனையைச் சோலை பிடிக்க, மறுமுனையை இழுத்துக்கொண்டு புஞ்சைக்குள் நடந்தாள். ஐம்பது மீட்டர் நாடா என்பதால் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. நூற்றியோராவது மீட்டரில் ஒரு ஓடைமரம் நின்றது. அதன் தூரில் கல்லை வைத்து விளக்கேற்றினார்கள். கரிசக்காட்டுக் காற்று அதை நாலு தடவை அணைத்தது. ஐந்தாவது தடவை ராமலட்சுமி முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொழுது அடைகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

பாதுகாப்பின் முதல் கட்டமாகப் பெயர்ப் பலகை வந்தது. எட்டடிக்கு நாலடி இரும்புத் தகடு, நீல வர்ணம், வெள்ளை எழுத்து. எழுதினவர் கோவில்பட்டி மாரிசெல்வம். தீப்பெட்டிக் கம்பெனிச் சுவர்களில் மயிலும் கிளியும் எழுதிப் பேர் வாங்கின கை. தன் பலகையில் ஒற்றுப்பிழை இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. துறையிலிருந்து அவருக்கு வந்த தாளில் 'இடைக்கால சினகாக், கூளப்பநத்தம்' என்று டைப் அடித்திருந்தது.

மாரிசெல்வம் அதைப் பல தடவை படித்தார். தமிழில் இப்படி ஒரு சொல் கிடையாது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். டைப் அடித்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அடித்திருக்கிறார் என்று அவரை மன்னித்து, பிழையைத் திருத்தி, விடுபட்ட ஒற்றையும் கோயிலையும் போட்டு, அட்சர சுத்தமாக எழுதினார்:

இடைக்காலச் சின்னக்கா கோயில்
இது பாதுகாக்கப்பட்ட சின்னம்
சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்

பலகை சரியாக இருக்கிறதென்று மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேரும் அவரவர் ஆபீசில் இருந்துகொண்டே போட்டார்கள். மூன்றாவது கையெழுத்து மதுரையில் இருக்கிற இணை இயக்குநர் கல்யாணசுந்தரி அம்மாளுடையது. பலகை கூளப்பநத்தத்தில் நடப்பட்டது.

ஊர் அதைப் படித்தது. சின்னக்கா யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, பெரியக்காவின் தங்கை. 'இடைக்கால' என்பதில்தான் குழப்பம். அதைப் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் தெளிவுபடுத்தினார். அரசாங்க ஊழியர்களுக்கு இடைக்கால நிவாரணம் கொடுக்கிறார்கள், கோர்ட்டில் இடைக்காலத் தடை கொடுக்கிறார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? நிரந்தரம் இல்லை, தற்காலிகம். ஆக இது தற்காலிகமாக வந்து இறங்கியிருக்கிற அம்மன்.

முதலில் வந்தவள் உமாராணி. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. வேலை நிரந்தரமானால் ஒரு டஜன் கண்ணாடி வளையல் சாத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டு பலகைக் காலில் மஞ்சக்கயிறு கட்டினாள். மூன்றாவது மாதம் ஆர்டர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கூட்டத்தைக் கேட்க வேண்டாம். பஸ் கம்பெனியில் நாள் சம்பளத்துக்கு ஓடுகிற கண்டக்டர், மின்வாரியத்தில் பதினோரு வருஷமாக 'அடுத்த மாசம்' என்று கேட்டுக்கொண்டிருக்கிற ஹெல்பர் என்று, அடைப்புக்குறிக்குள் வாழ்கிறவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை வரத் தொடங்கினார்கள். கயத்தாறில் லாரி நிறுத்துகிற டிரைவர்கள் கூட வழி கேட்டு வந்தார்கள்.

"தனக்கே நிரந்தரமில்லாத அம்மன், அடுத்தவுகளுக்கு நிரந்தரம் குடுக்கா பாரு" என்று ராமலட்சுமி சொன்னாள். கேலியாகச் சொன்னாளா பக்தியாகச் சொன்னாளா என்று சோலைக்குப் பிடிபடவில்லை. இருபத்தாறு வருஷம் அவளோடு குடித்தனம் செய்தும் சில இடங்கள் அவருக்குப் பிடிபடாமல்தான் இருந்தன.

சோலையின் கவலை வேறு. அந்த ஐப்பசியில் விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, மேற்குச் சுவர் மாடம் வரை வழிந்திருந்தது. விரல் நுழைந்த இடத்தில் இப்போது கை நுழைந்தது. அவர் மனு எழுதினார். பதில் வந்தது. 'ஒழுகல் உள்ளது என்பதை நேரில் ஆய்வு செய்து சான்றளித்த பிறகே பழுதுநீக்கக் கோப்பு தொடங்கப்படும்.'

ஆய்வுக்கு ஆள் வந்தது பங்குனியில். வெயிலில் பருத்திக்காய் வெடித்துக் கிடந்தது. வந்தவர் உள்ளே நின்று பதினைந்து நிமிஷம் கூரையையே பார்த்தார். உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'ஆய்வு நேரத்தில் ஒழுகல் எதுவும் காணப்படவில்லை.'

"மழை பேஞ்சாத்தானே சார் ஒழுகும்?" என்றார் சோலை.

"அப்ப மழை பெய்யும்போது தகவல் குடுங்க, வாரோம்."

மறு ஐப்பசியில் மழை பெய்தது. சோலை குடையைப் பிடித்துக்கொண்டு மெயின்ரோட்டுக்குப் போய்ப் போன் போட்டார். ஜீப் வந்தது. மெயின்ரோட்டை விட்டுக் கரிசலில் இறங்கி நாற்பதடி போனதும் நாலு சக்கரமும் அப்பிக்கொண்டு நின்றுவிட்டது. கரிசல் நனைந்தால் மாட்டுவண்டியையே விடாது, ஜீப்பையா விடும். ஊர் கூடி ஜீப்பைத் தள்ளி ரோட்டில் ஏற்றிவிட்டது. குறிப்பு எழுதப்பட்டது: 'மழையின் காரணமாக ஒழுகலை ஆய்வு செய்ய இயலவில்லை.'

சோலை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வெயில் காலத்தில் ஒழுகாது, வர முடியும். மழைக் காலத்தில் ஒழுகும், வர முடியாது. இதில் யார்மேல் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தன்மேல்தான் கோபப்பட்டார்.

இதற்கு நடுவில் பாரம்பரிய வாரம் வந்தது. சனிமடத்துக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். பந்தலின் பின்துணி பலகையை முழுக்க மறைத்துவிட்டது. மேடையில் கல்யாணசுந்தரி அம்மாள் பேசினார். பட்டுச்சேலை, கணீர்க் குரல், கையில் தாள் இல்லை. உணர்ச்சியோடு பேசக்கூடியவர்.

"இந்த அரிய சினகாக்கை எழுநூறு ஆண்டுகளாக யாருமே கவனிக்கவில்லை. எந்த அரசும் கவனிக்கவில்லை. எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் இது இன்றைக்கும் இவ்வளவு உறுதியாக நிற்கிறது. அந்த நிலை இனி இருக்காது என்று உறுதி கூறுகிறேன். இதைக் கவனிக்க நாங்கள் வந்துவிட்டோம்."

கைதட்டல் விழுந்தது. அம்மாள் தொடர்ந்தார்.

"இதன் கூரையில் விரிசல் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் பார்த்தேன். விரிசல் மிகப் பழமையானது. பழமையான எதையும் நாம் அழிக்கக் கூடாது. இந்த விரிசலையும் சேர்த்துப் பாதுகாப்பதே நம் துறையின் கொள்கை."

சோலை கடைசி வரிசையில் பந்தலுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தார். அழைப்பிதழில் அவர் பெயர் 'ஆக்கிரமிப்பாளர்' என்ற தலைப்பில் வந்திருந்தது. மனுவைக் கொடுக்க எழுந்தார். சால்வை போடத்தான் வருகிறார் என்று நினைத்து அம்மாள் குனிந்தார்கள். மனுவைப் பார்த்ததும் நிமிர்ந்து, அதைப் பூவனலிங்கத்திடம் கொடுத்தார்கள். பூவனலிங்கம் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பையில் சோலையின் முந்தைய ஆறு மனுக்களின் நகல் ஏற்கெனவே இருந்தது சோலைக்குத் தெரியாது.

பூவனலிங்கத்தை இந்த இடத்தில் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலகையில் இருந்த தப்பை அவர் பந்தல் பிரிக்கிற அன்றைக்கே பார்த்துவிட்டார். மேலே எழுதலாம் என்றால், பலகை சரி என்று கையெழுத்துப் போட்டவர்களில் முதல் ஆள் அவரே. மூன்றாவது ஆள் அவருடைய அடைப்புக்குறியை எடுக்க வேண்டிய ஆள். அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வண்டியை எடுக்கச் சொன்னார்.

மூன்றாவது வருஷம் புரட்டாசியில் விஷயம் வெடித்தது. தலைமையகம், பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பலகைகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னது. போட்டோக்காரர் பலகையை எடுத்தார். பலகைக் காலில் முந்நூறு மஞ்சக்கயிறு, மேலே வளையல் தோரணம். இந்தத் துறையின் எல்லைக்குள் சின்னக்கா என்று ஒரு அம்மன் எப்போது வந்தாள் என்று தலைமையகம் கேட்டது.

விசாரணை சனிமடத்துக்குள்ளேயே நடந்தது. வெளியே அவ்வளவு வெயில். நடுவில் இருந்த கல்மேடையில் பச்சைத்துணி விரித்து, அதன் பின்னால் நாற்காலியில் கல்யாணசுந்தரி அம்மாள் அமர்ந்தார்கள். பக்கத்தில் பூவனலிங்கம் தாளும் பேனாவுமாக. எதிரே சோலை. வாசலில் ராமலட்சுமி. மேலே கூரையில் விரிசல் ஒரு சாண் அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. ஒரு கல்பாவு தன் இடத்தை விட்டு நாலு விரல் இறங்கி, இன்னொரு மழைக்குக் காத்திருந்தது. அதற்கு நேர்கீழே சோலை ஒரு வேப்பங்கழியை முட்டுக் கொடுத்திருந்தார். முட்டுக் கொடுத்ததும் குற்றம்தான், யாரும் கேட்கவில்லை.

அம்மாள் நிதானமாக விஷயத்தை விளக்கினார்கள்.

"பலகை தப்புன்னு எழுதினா, மூணு அதிகாரிங்க பாக்காமலே கையெழுத்துப் போட்டோம்னு ஆயிடும். நாங்க பாக்காம கையெழுத்துப் போடுறவங்க இல்ல. அதனால பலகை சரி. பலகை சரின்னா, இது சின்னக்கா கோயில். இது சின்னக்கா கோயில்னா, எங்க பட்டியல்ல இருக்கிற சினகாக் இது இல்ல. அப்ப அந்தச் சினகாக் எங்க?"

சோலை பூவனலிங்கத்தைப் பார்த்தார். பூவனலிங்கம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நீங்க இந்த இடத்துக்காரர்" என்றார் அம்மாள். "உங்க வாக்குமூலம்தான் முக்கியம். உங்க புஞ்சையில சினகாக் இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"அம்மா, ஒண்ணு கேட்டுக்கிடுதேன். இதுதான் அதுன்னு நான் சொன்னா, மட்டப்பாவுக்கு எப்பச் சுண்ணாம்பு வைப்பீய?"

"அது தனிக் கோப்பு. முதல்ல பலகை திருத்தக் கோப்பு முடியணும். அதுக்குப் பிறகு ஒழுகல் ஆய்வு."

"இல்லன்னு சொன்னா?"

"சின்னக்கா எங்க பட்டியல்ல இல்ல. நீங்க சுண்ணாம்பு வச்சாலும் சரி, சுவரேறிக் குதிச்சாலும் சரி, துறைக்குச் சம்பந்தமில்ல."

சோலை அண்ணாந்து பார்த்தார். இறங்கின கல்பாவு தெரிந்தது, அதற்கு மேலே ஆகாசம் தெரிந்தது. மேற்கே மேகம் திரளத் தொடங்கியிருந்தது. மழைக்கு இன்னும் இருபது நாள் இருக்குமோ என்னவோ. மடத்துக்காரர்கள் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்ற, அவர்கள் மடமே இது இல்லை என்று இப்போது அவர் வாயால் சொல்ல வேண்டும். நாளைக்கு யாராவது கடல் தாண்டித் தேடி வந்து, எங்கள் கூடம் எங்கே என்று அரசாங்கத்தைக் கேட்டால், காணவில்லை என்று பதில் வரும். அதற்குக் கீழே சோலையின் கையெழுத்து இருக்கும். அவருக்கு அழுகை வரும் போலிருந்தது.

வாசலிலிருந்து ராமலட்சுமியின் குரல் வந்தது. "கூரை நின்னாத்தான வாறவுகளுக்கு அடையாளம். பேரு என்னத்துக்கு?"

சோலை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்சு இங்கன சின்னக்காதாம்மா இருக்கா" என்றார்.

"சினகாக்?"

"பாத்ததில்ல."

பூவனலிங்கம் எழுதிக்கொண்டார். எழுதும்போது நிமிரவே இல்லை. கையெழுத்து வாங்கத் தாளை நீட்டினபோது மட்டும், ஒரு நொடி, சோலையின் கையைப் பிடித்து அழுத்தினார். வரியைக் காட்டத்தான் பிடித்தார் என்று அம்மாள் நினைத்திருப்பார்கள்.

அம்மாள் உத்தரவு சொன்னார்கள். "ஒரு இடைக்காலச் சின்னம் தொலைஞ்சு போறது சாதாரண விஷயமில்ல. இதை நாம சும்மா விடப் போறதில்ல. காணாமப் போன சினகாக்கைக் கண்டுபிடிக்கத் தேடுதல் குழு ஒண்ணு அமைக்கிறேன். கண்டுபிடிக்கிற வரைக்கும் குழு இயங்கும். தலைவர் பூவனலிங்கம். இதுக்கு முழுநேர அலுவலர் வேணும்கிறதால, அவர் பதவியை இன்னைக்கே நிரந்தரமாக்கச் சிபாரிசு பண்றேன்."

அடைப்புக்குறி விழுந்தது. பூவனலிங்கத்தின் முகத்தில் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்து எது முந்துவது என்று தள்ளுமுள்ளு நடந்தது.

ஜீப் போன புழுதி அடங்கும் முன்னே சோலை வண்டியைப் பூட்டினார். நாலு நாள் சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயை ஊறப் போட்டு, கருப்பட்டியைக் காய்ச்சினார்கள். இறங்கின கல்பாவை ஆறு பேர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். அந்த ஆறு பேரும் சின்னக்காவிடம் வேண்டுதல் பாக்கி வைத்திருந்தவர்கள், கூலி கேட்கவில்லை. நடுவில் ஒரு சனிக்கிழமை வந்தது. மேகம் மிரட்டிக்கொண்டிருந்தும் அன்றைக்கு ஒருத்தரும் கரண்டியைத் தொடவில்லை. ராமலட்சுமி வெள்ளிக்கிழமையே பொங்கி வைத்ததை எல்லோரும் பழசாகத் தின்றுவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி ஏறி, செவ்வாய்க்கிழமை முடித்தார்கள். புதன்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. சோலை உள்ளே போய்ப் பங்குனியில் வந்த ஆய்வாளர் மாதிரியே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஒரு சொட்டு விழவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கு ஓடைமரத்தடியிலிருந்து நூற்றியோரு மீட்டர் நடந்து மாடத்துக்குத் திரும்பி வந்தது.

தேடுதல் குழு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. மற்ற ஊர்களையும் சுற்றுகிறார்கள். ஓட்டப்பிடாரம் வரைக்கும் போய்விட்டு வந்தார்கள். ஆனால் அறிக்கை எழுதத் தோதான இடம் கூளப்பநத்தம்தான். சனிமடத்துக்குள் கோடையிலும் குளுகுளுவென்று இருக்கும். கல்மேடை எழுதுவதற்கு நல்ல உயரம். நிலைக்கல் நட்சத்திரத்துக்குக் கீழே குனிந்து உள்ளே வருவார்கள். கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். கைகழுவிவிட்டு எழுதுவார்கள்.

2001-ஆம் வருஷம் அவர்கள் வந்தது ஒரு சனிக்கிழமை. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தர் தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டார். இந்தப் புஞ்சையில் சனிக்கிழமை அடுப்பு மூட்டுகிறதில்லை என்று ராமலட்சுமி சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொண்டார்: 'சனிக்கிழமைகளில் தேநீர் வசதி இல்லை. தேடலுக்கு உதவும் தகவல் எதுவும் இல்லை.'

மற்றவர்கள் ஜீப்புக்குப் போன பிறகு பூவனலிங்கம் கொஞ்சம் பின்தங்கினார். கைப்பைக்குள்ளிருந்து ஒரு டஜன் கண்ணாடி வளையலை எடுத்து, யாரும் பார்க்காமல் பலகைக் காலில் மாட்டினார். பிறகு உள்ளே வந்து மேற்குச் சுவர் மாடத்துக்கு முன்னால் நின்றார். நேற்று எரிந்த திரியின் கரி மாடத்தில் லேசாகப் பிடித்திருந்தது. அதை அவர் பார்த்தார்.

"இந்த வருஷமும் கிடைக்கலியா சார்?" என்று கேட்டார் சோலை.

"இல்ல அண்ணாச்சி. எங்கயும் காணல."

"எங்கயாச்சும் பாத்தா தகவல் சொல்லுதேன்."

பூவனலிங்கம் தலையை ஆட்டினார். வாசலுக்குப் போனவர் நின்று, அண்ணாந்து கூரையைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மட்டப்பா ஒழுகலையே அண்ணாச்சி?"

"இல்ல சார். புரட்டாசியில ஒரு கை வச்சேன்."

"வருஷா வருஷம் வச்சிருங்க" என்றார் அவர். பிறகு குனிந்து நிலையைத் தாண்டி வெளியே போய், ஜீப் பானெட்டில் அறிக்கையை விரித்து, 'காணவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.